மூன்றாம் கொட்டகையில் விட்டுப்போனவை

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு, எங்கள் துறைமுகத்தின் மூன்றாம் கொட்டகையில் காலியாக நின்ற ஒரு லாரியில் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அது கிர்மாய் என்ற எரித்ரியாக்காரனுடையது. அதே இடத்தில் நின்ற வேறொரு லாரியிலிருந்து அவனை இறக்கிப் போலீஸிடம் ஒப்படைத்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. இதயத்தை முதலில் கண்டுபிடித்தது, லாரிகளில் ஒளிந்திருப்பவர்களின் துடிப்பைப் பிடிக்கும் இயந்திரம். இயந்திரத்தை அப்போது இயக்கிக்கொண்டிருந்தவள் மரிவோன் வாடூ. அன்று காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. இங்கிலாந்தின் டோவருக்குப் போகும் கப்பல் நாற்பது நிமிடம் தாமதம். லாரியை மூன்று முறை திறந்து பார்த்தார்கள். பலகையும் கயிறும் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. மோப்ப நாயைக் கொண்டுவந்தார்கள். அது லாரிக்குக் கீழே தரையில் ஓர் இடத்தை முகர்ந்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. லாரியை நகர்த்தினார்கள். நாய் நகரவில்லை. அடுத்த லாரி அதே இடத்தில் வந்து நின்றதும் இயந்திரம் மறுபடியும் சிவப்பு காட்டியது.

இங்கிலாந்தின் எல்லை இங்கிலாந்தில் இல்லை, பிரான்ஸ் கரையில் எங்கள் ஊரான சேன் வுல்மேரில் இருக்கிறது. இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்டு அதைக் கடலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தன. பார்த்துக்கொள்ளும் வேலையை இங்கிலாந்து லண்டனில் உள்ள ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. அந்தக் கம்பெனி வேலையில் பாதியை லீல் நகரத்திலுள்ள இன்னொரு கம்பெனிக்கு உள்குத்தகை கொடுத்தது. லீல்காரர்கள் எங்களை எடுத்துக்கொண்டார்கள். லேஸ் மில் மூடி மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்த ஊர், ஒரே வசந்தகாலத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டது. அந்தச் சட்டைக்கு யாரையும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. லாரியைத் திறக்கலாம், உள்ளே இருப்பவனை இறங்கச் சொல்லலாம், போலீஸ் வரும்வரை கம்பியடித்த அறையில் உட்காரவைக்கலாம், அவ்வளவுதான். போலீஸ் அவர்களைக் கொண்டுபோய் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடும். அவர்கள் நடந்து மணல்மேட்டுக் கூடாரங்களுக்குத் திரும்புவார்கள். வாரக் கடைசிக்குள் இன்னொரு லாரியில் இருப்பார்கள்.

சட்டை போட்டவர்களை ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. ரொட்டிக் கடைக்காரி அவர்களுக்கு முந்தின நாள் ரொட்டியைத் தேடி எடுத்துக் கொடுப்பாள். கூடாரக்காரர்கள் கல்லெறிந்தார்கள். கூடாரக்காரர்களைக் கண்டாலே ஆகாத ஆட்களும் சட்டைக்காரர்களின் கார்களில் ஆணியால் கீறினார்கள்; பிடித்தது போதாது என்பது அவர்கள் குறை. சட்டைக்காரர்கள் தங்களுக்குள்ளும் ஒற்றுமையாக இல்லை. யார் எத்தனை பேரைக் கண்டுபிடித்தார்கள் என்று கேன்டீன் பலகையில் எழுதிப்போடுவார்கள். மூன்று வருடமாக மேலே நின்றது மரிவோனின் பெயர். அவளை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் வேறு மேசையில் சாப்பிட்டார்கள்.

அவள் மில்லில் இருபத்திரண்டு வருடம் துணி பார்த்தவள். ஓடிக்கொண்டிருக்கும் லேஸில் விரலை வைத்தபடி நிற்பாள். ஒரு நூல் விட்டிருந்தால் கை உயர்த்துவாள். ஐம்பது மீட்டர் துணி திரும்பிப் போகும். யார் நெய்தது, அவர் வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் அவள் கேட்டதில்லை. துறைமுகத்திலும் அப்படியே இருந்தாள். அவளைக் கொடுமைக்காரி என்று யாரும் சொல்லவில்லை. நல்லவள் என்றும் சொல்லவில்லை. அவளுடைய தங்கை க்ளோதில்ட் மட்டும் ஒரு சொல் வைத்திருந்தாள், அதை இங்கே எழுத முடியாது. பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்ற க்ளோதில்ட், நாள் தவறாமல் மணல்மேட்டுக்கு ஒரு அண்டா சூப் கொண்டுபோவாள். அம்மா இறந்த பிறகு அக்காவும் தங்கையும் வீட்டைப் பாதியாகப் பிரித்து, முற்றத்தில் இடுப்பளவு செங்கல் சுவர் வைத்திருந்தார்கள். மரிவோன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. கொடியில் ஆரஞ்சுச் சட்டை காய்ந்தால் க்ளோதில்ட் சாப்பிட்டு முடித்த சிப்பி ஓடுகள் சுவர் தாண்டி அதன்மேல் வந்து விழும்.

கிர்மாயைப் பிடித்தது ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி மதியம். மெத்தை ஏற்றிய லாரி. வழக்கம்போல இயந்திரத்தோடு இணைந்த நான்கு காந்தங்களை லாரியின் அடிச்சட்டத்தில் ஒட்டினாள், டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார், எல்லாரும் ஒரு நிமிடம் அசையாமல் நின்றார்கள். உள்ளே மனிதன் இருந்தால் அவனுடைய இதயம் பத்து டன் லாரியையும் மயிரிழை அளவுக்கு ஆட்டும். அந்த ஆட்டத்தை இயந்திரம் கண்டுபிடித்துவிடும். சிவப்பு எரிந்தது. கதவைத் திறந்து எட்டாவது மெத்தையை இழுத்தாள். இருபத்தைந்து வயதுக்குள் ஒருவன், கைகளை நெஞ்சின்மேல் அழுத்திக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

"எறங்கு," என்றாள்.

அவனுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தது. "மதாம், கதவ மூடிடுங்க. ஒன்னும் இல்லன்னு சொல்லிடுங்க. ஒரு நிமிஷ வேல உங்களுக்கு."

"எறங்குன்னேன்."

"மூச்சக்கூட அடக்கிட்டேன் மதாம். இத மட்டும் அடக்க முடியல." நெஞ்சைத் தட்டிக் காட்டினான். "இதுதான் காட்டிக் குடுத்துடுச்சு."

மரிவோனுக்கு அது அன்றைக்கு ஆறாவது லாரி. கால் வலித்தது. "அப்போ அத இங்கயே வெச்சிட்டுப் போ. அடுத்த தடவ தொந்தரவு இருக்காது."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கிர்மாய் சிரிக்கவில்லை. சட்டை போட்டவர்கள் சொன்னதைச் செய்து பழகியவன் அவன். ராணுவத்தில், லிபியாவில், படகில், எல்லா இடத்திலும் சொன்னதைச் செய்ததால்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தான். கீழே இறங்கியதும் லாரியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு நொடி குனிந்தான். ஷூ கயிறு கட்டுகிறான் என்று நினைத்தார்கள்.

காலி லாரியில் துடிப்பு கேட்ட செய்தி லீல்காரர்களின் மேலாளர் ப்ருவோவுக்குப் போனது. எப்போதும் அதிமதுர மிட்டாய் மென்றுகொண்டிருக்கும் மனிதர் அவர். எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். தினசரி அறிக்கையில் "கண்டுபிடிப்பு" என்று ஒரு கட்டமும் "ஆள்" என்று ஒரு கட்டமும் இருந்தன. முதல் கட்டத்தில் ஒன்று என்றும் இரண்டாவதில் பூஜ்யம் என்றும் எழுதினார். மூன்றாம் கொட்டகைக்கு அன்றைக்கு வந்த பதினான்கு லாரிகளுக்கும் அப்படியே எழுதினார். லண்டன் முதல் கட்டத்தை மட்டும்தான் பார்த்தது. வார முடிவில் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கேன்டீன் பலகையில் மரிவோனின் பெயருக்குப் பக்கத்தில் குத்திவைத்தார்கள்.

கிர்மாய் மணல்மேட்டுக்குத் திரும்பியிருந்தான். அவனிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனித்தது க்ளோதில்ட். மற்றவர்கள் குளிரில் உதறிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது அவன் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் நிற்பான். சூப்பைக் கொடுத்தால் குடிப்பான், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டான். காய்ச்சலோ என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் பார்த்தாள். பிறகு வெட்கத்தை விட்டு அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் பரிசோதித்து ஒரு தாள் கொடுத்தார்கள். "நாடி இல்லை. பசி இருக்கிறது. உடனடி ஆபத்து எதுவும் தெரியவில்லை," என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு க்ளோதில்ட் வீட்டுக்கு வந்து, முற்றத்துச் சுவரண்டை போய் நின்றாள். மரிவோன் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னு கேக்கணும்," என்றாள் க்ளோதில்ட்.

"நாலு வருஷம் கழிச்சு வாயத் தொறந்திருக்க. சிப்பி தீந்துபோச்சா?"

"மெத்த லாரியில புடிச்சியே ஒருத்தன, அவன்கிட்ட என்ன சொன்ன?"

"எறங்குன்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் அதுதான் சொல்றேன்."

"வேற?"

மரிவோன் கிளிப்புகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். "சத்தம் போடுற இதயத்த இங்கயே வெச்சிட்டுப் போன்னேன். சும்மா சொன்னது."

"வெச்சிட்டு வந்துட்டான்."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"போனேன். பாத்தாங்க. உள்ள இல்ல." தாளை நீட்டினாள்.

மரிவோன் அதைப் படிக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லதாப் போச்சு. இனிமே எந்த மிஷினும் அவனப் பாத்துக் கத்தாது. நேரா இங்கிலாந்து போகட்டும்," என்றாள், தங்கையைச் சீண்டுவதற்காக. சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சொன்னது உண்மை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மணல்மேட்டில் அதைப் பரப்பியது க்ளோதில்ட்தான் என்று கம்பெனி பின்னால் கடிதம் எழுதியது. அவள் மறுத்தாள். யார் பரப்பியிருந்தாலும், மார்ச் மாதத்திலிருந்து மூன்றாம் கொட்டகைக்கு வந்த லாரிகளில் உள்ளேயிருந்தே கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். பிடியுங்கள் என்று தாங்களாகவே கேட்டார்கள். பிடிக்கமாட்டேன் என்று சொல்ல ஒப்பந்தத்தில் வழியில்லை. இறங்கியவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு நொடி குனிவான், நிமிர்வான், போலீஸ் வண்டியில் ஏறுவான். இரண்டு நாள் கழித்து, கூடாரக்காரர்கள் ஏற்றிவிட, இன்னொரு லாரியில் அதே துறைமுகம் வழியாக, வேறு ஏதாவது கொட்டகையில், பச்சை விளக்கு எரிய டோவருக்குப் போய்ச் சேருவான். மே மாதத்துக்குள் மூன்றாம் கொட்டகையில் அறுபத்திரண்டு இதயங்கள் சேர்ந்துவிட்டன. கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மேசையில் காபி வைத்தால் கோப்பைக்குள் வட்டம் வட்டமாக அதிரும். கடற்காகங்கள் அந்தக் கூரையில் உட்காருவதை நிறுத்தின. காலி லாரிகளில் சிவப்பும் ஆளிருந்த லாரிகளில் பச்சையும் எரிந்தன. ப்ருவோவின் முதல் கட்டத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

லண்டன் விழித்துக்கொண்டது போனவர்களால்தான். டோவர் கார் நிறுத்துமிடத்தில் ஒருவன் மூன்று நாளாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, இங்கே அண்ணன் ஒருவர் இருந்தார் என்று நினைக்கிறேன், அவசரமில்லை, என்றான். இன்னொருவன் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து வருகிற பஸ்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான், எதிலும் ஏறவில்லை. அவர்கள் ஓடவில்லை, ஒளியவில்லை. வந்த இடத்துக்கு ஏன் வந்தோம் என்பது அவர்களிடம் இல்லை. அதைத்தான் இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டாக்டர்கள் அவர்களுக்கு நாடி பார்த்தார்கள், லண்டனிலிருந்து ப்ருவோவுக்குத் தொலைபேசி வந்தது. அன்றைக்கு முதன்முறையாக அவர் மிட்டாயைத் துப்பினார்.

லீல் கம்பெனி இதயங்களை அகற்றும் வேலையை ராட்டர்டாமில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு உள்குத்தகை விட்டது. அவர்கள் வெள்ளை உடையில் வந்து, பெட்டிகளில் அடைத்து, முத்திரை வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பெல்ஜிய எல்லையில் திறந்து பார்த்தபோது பெட்டிகள் காலி. இதயங்கள் கொட்டகையை விட்டு அசையவில்லை. அப்புறம் வக்கீல்கள் வந்தார்கள். கம்பெனியின் வளாகத்தில் விட்டுச்செல்லப்பட்டு முப்பது நாளுக்குள் கேட்கப்படாத பொருள் கம்பெனியைச் சேரும் என்று ஒப்பந்தத்தின் பதினான்காம் விதி சொல்வதாகக் கண்டுபிடித்தார்கள். கேட்க வேண்டுமானால் நேரில் வரவேண்டும். நேரில் வர அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்குக் குடியுரிமைத் தாள் வேண்டும். அந்தத் தாள் இருக்கிறவன் மெத்தைக்கு நடுவில் படுத்துக்கொண்டு போகமாட்டான் என்பதை வக்கீல்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில், ஜூன் இரண்டாவது வெள்ளிக்கிழமை கொட்டகையை இடித்து அந்த இடத்தில் கான்கிரீட் கொட்டுவது என்று முடிவாயிற்று.

இத்தனைக்கும் நடுவில், முதலில் விட்டுவந்த கிர்மாய் மட்டும் இங்கிலாந்துக்குப் போகவே இல்லை. போகவேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. க்ளோதில்ட் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள். அவன் நாள் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து சூப்புக்கு உருளைக்கிழங்கு தோல் சீவுவான். நன்றாகவே சீவுவான். அந்த ஜூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எரித்ரியாவின் கெரெனிலிருந்து அவன் அம்மா தொலைபேசியில் வந்தாள். கை ஈரமாக இருந்ததால் க்ளோதில்ட் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினாள். அம்மா சொன்னது அவளுக்கு மொழியால் புரியவில்லை, அழுகையால் புரிந்தது. கிர்மாய், "சரிம்மா," என்றான். அந்தக் கிழங்கை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தான். போனில் சத்தம் நின்றது. பிறகு அம்மா ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். அவள் மறுபடி அதையே கேட்டாள்.

"என்ன கேக்குறாங்க?" என்றாள் க்ளோதில்ட்.

"தங்கச்சி செத்துட்டாளாம். ஜெயில்ல," என்றான் அவன், தோலைத் தட்டில் தள்ளியபடி. "இப்ப, இந்தப் போன என் புள்ளகிட்ட குடுங்கங்கறாங்க. நான்தான் பேசறேன்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க."

க்ளோதில்ட் சுவரண்டை போனாள். மரிவோன் பீன்ஸ் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட கெஞ்ச வரல," என்றாள்.

"தெரியுது. கெஞ்சற மொகமா இது."

"வெள்ளிக்கிழம இடிக்கறாங்களாமே. அவனோடத எடுத்துக் குடு."

"முப்பது நாள் தாண்டிடுச்சு. இப்ப அது கம்பெனியோடது."

க்ளோதில்ட் சுவர்மேல் கையை ஊன்றினாள். "மில்லுல ஒரு நூல் விட்டிருந்தா அம்பது மீட்டரத் திருப்பி அனுப்புவ நீ. சூப்பர்வைசர் பரவால்லம்பான், நீ விடமாட்ட. உன்னாலயே எத்தன பேருக்கு போனஸ் போச்சு. இப்ப உன் கையால விட்டது ஒன்னு என் அடுப்படியில உக்காந்து கெழங்கு சீவுது. தங்கச்சி செத்ததுக்கு சரிங்குது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உனக்கு நல்ல மனசு வரணும்னு சொல்லல. அது வராது. வேலய ஒழுங்கா செய்யத் தெரியுமில்ல? அதச் செய்."

மரிவோன் குச்சியை மண்ணில் இன்னும் ஆழமாக அழுத்தினாள். மறுநாள் மதியம் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் கொட்டகைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தாள். இயந்திரம் இல்லாமலே அவளுக்கு அவை கேட்க ஆரம்பித்திருந்தன; பாதத்தில், பிறகு முழங்காலில். அறுபத்திரண்டும் ஒன்றுபோல இல்லை. சில ஓடின, சில நொண்டின. ஒன்று, நெய்கிறவன் மிதியடியைத் தவறவிட்டாற்போல நான்குக்கு ஒரு முறை தடுக்கியது. அன்று கிர்மாய் குனிந்த, பின் சக்கரம் நிற்கும் இடத்தில் இருந்தது அது. ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு அங்கே போய் நின்றாள். மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் தங்கையின் கதவுக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளிவிட்டாள். அதில் ஒரு லாரியின் எண்ணும், புதன்கிழமை மதியம் இரண்டு மணி என்பதும் மட்டும் இருந்தன.

புதன்கிழமை க்ளோதில்ட் அவனைத் தன் பழைய ரெனோ காரில் நெடுஞ்சாலை ஓய்விடத்துக்குக் கூட்டிப்போய், சீட்டில் இருந்த எண் கொண்ட கேரட் லாரியின் பின்பக்கம் ஏற்றிவிட்டாள். ஏறு என்றாள், ஏறினான். லாரி மூன்றாம் கொட்டகைக்குள் வந்ததும் மரிவோன் கூட இருந்தவனைக் காபி வாங்கிவர அனுப்பினாள். டிரைவரைக் காகிதம் சரிபார்க்க முன்னறைக்கு அனுப்பினாள். கதவைத் திறந்தாள். கேரட் மூட்டைகளுக்கு இடையில் கிர்மாய் உட்கார்ந்திருந்தான், பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல.

"எறங்கு."

இறங்கினான்.

"உன்னோடது அங்க இருக்கு. சக்கரத்துக்குப் பின்னால. எடுத்துக்க."

அவன் அந்த இடத்தைப் பார்த்தான். "வேண்டாம் மதாம். இது இல்லாம வலிக்கல."

"வேணுமான்னு கேக்கல. எடுன்னு சொன்னேன்."

அவன் மண்டியிட்டான். தரையில் கையை வைத்தான். தண்ணீரை அள்ளுவதுபோல இரண்டு கையாலும் எதையோ அள்ளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் பற்கள் தந்தியடித்தன. நான்கு மாதக் குளிர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. அப்புறம் செத்துப்போன தங்கச்சி வந்தாள். அவன் தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு எழுப்பிய குரலுக்கு, துறைமுகத்தின் மறுமுனையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏதோ சங்கிலி அறுந்துவிட்டது என்று ஓடிவந்து பாதியில் நின்றார்களாம். மரிவோன் அவன் தலைமாட்டில் நின்று காத்திருந்தாள். அவன் எழுந்தான். அவளை முதல்முறையாகப் பார்ப்பவனைப் போலப் பார்த்துவிட்டு, முஷ்டியை மடக்கி அவள் வாயில் குத்தினான். மேல்வரிசையில் ஒரு பல் உடைந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் அவள், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

"முடியல," என்றான். "சாகற வரைக்கும் முடியாது."

"சரி. ஏறு."

அவன் ஏறினான். கதவைச் சாத்தினாள். காந்தங்களை ஒட்டினாள். டிரைவரும் காபி வாங்கப் போனவனும் வந்து நிற்க, ஒரு நிமிடம் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். சிவப்பு எரிந்தது. மரிவோன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள். கேரட் லாரி மூன்றே காலுக்குக் கப்பலில் ஏறியது.

விசாரணை அன்று மாலை ஐந்து மணிக்கு ப்ருவோவின் அறையில் நடந்தது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது.

"செவப்பு எரிஞ்சதா, மதாம் வாடூ?"

"எரிஞ்சது."

"பச்சைய அழுத்தினீங்களா?"

"அழுத்தினேன்."

"ஏன்னு கேக்கலாமா?"

"என் கையில பழுதான துணி ஒன்னு வெளிய போயிருந்துச்சு. சரி பண்ணி அனுப்பினேன்."

"இது மில் இல்ல."

"தெரியும். மில்லுல இப்படி ஒரு பழுத யாரும் கண்டுபிடிப்புன்னு எழுதிப் பாராட்டு வாங்க மாட்டாங்க."

சட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டு உள்பனியனோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். ஊரில் அவளுக்காக யாரும் வருத்தப்படவில்லை. சட்டைக்காரர்கள் அவளைத் துரோகி என்றார்கள். மணல்மேட்டுக்காரர்கள் அவளுடைய பல் உடைந்ததைப் பல நாள் பேசிச் சிரித்தார்கள். க்ளோதில்ட் சுவரின்மேல் இன்னும் இரண்டு வரிசை செங்கல் வைத்தாள். கேட்டவர்களிடம், "ஒரு தடவ வேலய ஒழுங்கா செஞ்சா சொந்தக்காரி ஆயிடுவாளா?" என்றாள். ஆனால் சிப்பி ஓடு எறிவதை விட்டுவிட்டாள். அதை மரிவோன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை இடிக்க வந்த இயந்திரத்தின் டிரைவர் கொட்டகைக்கு முன்னால் இன்ஜினை அணைத்துவிட்டு, இருக்கை வழியாக வந்த அதிர்வைக் கால் மணி நேரம் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவர்களும் அப்படியே போனார்கள். கம்பெனி அவர்கள்மேல் வழக்குப் போட்டது, அவர்கள் கம்பெனிமேல் போட்டார்கள். இரண்டு வருடத்தில் குத்தகை இன்னொரு கம்பெனிக்குக் கைமாறியது. ஆரஞ்சுச் சட்டைகள் நீலமாயின. உள்ளே அதே ஆட்கள்தான். புதியவர்கள் விவரமானவர்கள். எடுக்க முடியாததை உடையவனே எடுத்துக்கொண்டு போனால் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யும் என்று கண்டுகொண்டு, பதினான்காம் விதியை அடித்துவிட்டு ஒரு படிவம் அச்சிட்டார்கள். எந்த இதயம் யாருடையது என்று சொல்ல ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வேறு வேலை கிடைக்காததால் அவளும் போனாள்.

அதற்குள் போனவர்களில் பலருக்குத் தாள் கிடைத்திருந்தது. பர்மிங்ஹாமிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் சொந்தக்காரர்கள் வற்புறுத்தி அனுப்ப, டிக்கெட் வாங்கிய பயணிகளாகக் கப்பலில் எதிர்த்திசையில் வந்தார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டினார்கள், படிவத்தில் தேதியும் லாரியில் இருந்த சரக்கும் எழுதினார்கள். தக்காளி, மார்ச் பன்னிரண்டு. டைல்ஸ், ஏப்ரல் மூன்று. மரிவோன் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய், "எடுத்துக்க," என்பாள். எடுத்தவர்களில் பாதிப் பேர் வெளியே வந்து வாசலில் உள்ள வறுவல் வண்டியருகே நடைபாதையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு எழுந்திருக்க முடியாது. அவளைத் திட்டாமல் போனவர்கள் குறைவு. நன்றி சொன்னவர் யாரும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. உடைந்த பல்லை அவள் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டால், சாப்பிட இடைஞ்சல் இல்லை என்பாள்.

கிர்மாய் ஷெஃபீல்டில் இருக்கிறான். இரண்டு முறை அகதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து நான்காவது வருடம் தாள் கொடுத்தார்கள். அம்மாவோடு வாரத்துக்கு ஒரு முறை பேசுகிறான், சண்டை போடுகிறான் என்று க்ளோதில்டுக்கு எழுதினான். தன் மகளுக்குத் தங்கச்சியின் பெயரை வைத்திருக்கிறான். ஒரு கடிதத்தின் அடியில், "பக்கத்து வீட்டம்மா இன்னும் உயிரோடுதான் இருக்கிறாளா? இருக்கட்டும். மறக்காமல் வெறுக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும்," என்று எழுதியிருந்தான். க்ளோதில்ட் அந்த வரியை உரக்கப் படித்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. அந்தப் பக்கத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த மரிவோன், "இருக்கேன்னு எழுது," என்றாள்.

மூன்றாம் கொட்டகையில் இப்போது பத்தொன்பது இருக்கின்றன. நீலச் சட்டைக்காரர்கள் அங்கே காபியைக் கோப்பையில் பாதிதான் ஊற்றுகிறார்கள். முழுக்க ஊற்றினால் சிந்தும். வாசலில் ஐந்து மொழியில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இதயம் எடுக்க வருகிறவர்கள் திங்கள் முதல் வியாழன் வரை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் வரவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் லாரிக் கூட்டம் அதிகம் என்பதால் கொடுப்பதில்லை.